மூவருக்கு ஓர் இருக்கை

அப்பா உயிரோடு இருந்தவரை வெர்ன் ஷூப்பனைச் சுப்பன் என்றுதான் சொல்லிவந்தார். ஆஸ்திரேலியக்காரரான ஒரு பந்தய ஓட்டுநரை மாயவரத்துப் பக்கத்து ஆளாக மாற்றிவிடும் அந்த உச்சரிப்பைத் திருத்த வீட்டில் யாருக்கும் மனம் வந்ததில்லை. 1973ஆம் ஆண்டு அப்பர் தாம்சன் சாலையில் நடந்த சிங்கப்பூர் கிராண்ட் பிரியை, பட்டறையில் உடன் வேலை பார்த்த நண்பர்களோடு சாலையோரப் புல்மேட்டில் நின்று பார்த்தவர் அவர். விளக்குக் கம்பங்களும் மழைநீர்க் கால்வாய்களும் பக்கத்திலேயே இருக்க, ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பொதுச்சாலையில் நடந்த அந்தப் பந்தயம் 1961இல் தொடங்கி, உயிர்கள் சிலவற்றைப் பலிகொண்ட பின், அந்த ஆண்டோடு நின்றுபோனது. கடைசிக் கிராண்ட் பிரியை வென்றவர் சுப்பன்தான்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1983இல், அதே சுப்பன் பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றதாக அப்பா நாளிதழில் படித்தார். ஆனால் செய்தியில் மூன்று பெயர்கள் இருந்தன. அல் ஹோல்பர்ட், ஹர்லி ஹேவுட், வெர்ன் ஷூப்பன் ஆகிய மூவரும் ஒரே போர்ஷே 956 காரை மாறி மாறி ஓட்டி வென்றிருந்தார்கள். பந்தயத்தின் பிற்பகுதியில் அந்தக் காரின் இடப்பக்கக் கதவு பிய்த்துக்கொண்டு போக, குளிர்விப்புக்குப் போகவேண்டிய காற்று தடம் மாறி எஞ்சின் கொதித்துப்போனது. பின்னால் ஜாக்கி இக்ஸும் டெரிக் பெல்லும் பகிர்ந்து ஓட்டிய கார் துரத்திக்கொண்டிருக்க, நின்றுவிடும் நிலையில் இருந்த எஞ்சினோடு ஹோல்பர்ட் கோட்டைக் கடந்தார். ஷூப்பன் அப்போது காரிலேயே இல்லை. "மூணு பேர் ஜெயிச்சா கோப்பை யார் வீட்டுக்குப் போகும்?" என்று அப்பா கேட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அக்கா மகனின் பந்தய வாழ்க்கையைப் பன்னிரண்டு ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரிய ஆரம்பித்தது.

அவனுக்கு எட்டு வயதாகியிருந்த 2012 செப்டம்பரில், மரினா பே ஃபார்முலா 1 தடத்துக்கு நான்தான் அவனை அழைத்துப்போனேன். நாங்கள் போனதற்குக் காரணம் வெட்டலோ ஹாமில்டனோ அல்ல, நரேன் கார்த்திகேயன். பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயர் இருந்தது, அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் ஓட்டிய ஹெச்ஆர்டி கார் அந்த ஆண்டின் மிக மெதுவான கார்களுள் ஒன்று என்பதால், முன்னணிக் கார்கள் அவரைக் கடந்து போவதைத்தான் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருந்தோம். பந்தயத்தின் பாதித் தூரத்தில் அவருடைய கார் சுவரில் மோதிப் பாதுகாப்புக் கார் தடத்துக்குள் வந்தபோது, பெரிய திரையில் அந்தக் காட்சியைக் கண்ட பையன் அழவில்லை. "மாமா, அவரு இப்ப எங்க போவாரு?" என்று கேட்டான். அணியினர் கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டுக்கு நடந்துபோவார் என்று சொன்னேன். அந்த விடையில் அவனுக்குத் திருப்தி இருந்ததாகத் தெரியவில்லை.

நரேனின் வழி அவனுடைய வழியாக இருக்க முடியாது என்பதை நான் பிற்பாடு அவனுக்கு விளக்கவேண்டியிருந்தது. இன்றைய ஓட்டுநர்களில் பெரும்பாலோர் ஏழெட்டு வயதிலேயே கார்ட் என்னும் சிறு பந்தய வண்டியில் ஏறிவிடுகிறார்கள். ஆனால், கோயம்புத்தூரில் ராலி ஓட்டுநரின் மகனாக வளர்ந்த நரேன், ஸ்ரீபெரும்புதூரில் ஃபார்முலா மாருதி ஓட்டியும், 1992இல் பிரான்ஸின் எல்ஃப் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போயும் தொடங்கியவர். 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம், பிறகு பிரிட்டிஷ் ஃபார்முலா 3, 2001 ஜூனில் சில்வர்ஸ்டோனில் ஜாகுவார் ஃபார்முலா 1 காரில் சோதனை ஓட்டம், 2005இல் மெல்பர்னில் ஜோர்டான் அணிக்காக முதல் பந்தயம் என்று அவர் படியேறினார். அதே ஆண்டு இண்டியானாபொலிஸில், மிஷலின் டயர் பிரச்சினையால் பதினான்கு கார்கள் விலகிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். அந்தப் புள்ளிகளை ஏளனம் செய்வோர் உண்டு. அங்கே வந்து நிற்பதற்கு அவர் எதையெல்லாம் தாண்டினார் என்று எண்ணிப்பார்க்கும் எனக்கு அந்த ஏளனம் ஒருபோதும் பிடித்ததில்லை.

மறு ஆண்டு, கிராஞ்சியில் குதிரைப்பந்தயத் திடலை ஒட்டி இருந்த கார்ட் ஓடுதளத்தில் பையனைச் சேர்த்தோம். நான் விமானப் பராமரிப்பில் வேலை பார்ப்பவன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்ற ஒரே தகுதியில் அவனுடைய மெக்கானிக் ஆனேன். விமானத்தில் ஒவ்வோர் ஆணியையும் எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். கார்ட்டிலோ அதே ஆணியைக் கொஞ்சம் தளர்த்தினால் வண்டி வேறு வண்டியாகிவிடும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஆறு மாதம் பிடித்தது.

கார்ட்டைப் பொம்மை வண்டி என்று நினைப்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்கிறேன். சாதாரணக் காரில், வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதற்கு டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு உண்டு. கார்ட்டில் அது கிடையாது. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே தண்டு பிணைத்திருப்பதால், உட்பக்கச் சக்கரமும் வெளிப்பக்கச் சக்கரமும் ஒரே அளவு சுழன்றாகவேண்டும். வளைவிலோ வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகவேண்டும். இரண்டும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். எனவே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது முன் உட்பக்கச் சக்கரம் தரையை அழுத்த, இரும்புக் குழாய்ச் சட்டம் முறுக்கிக்கொண்டு, பின் உட்பக்கச் சக்கரம் ஒரு நொடி தரையைவிட்டு எழும்பவேண்டும். அந்த நொடியில்தான் கார்ட் திரும்புகிறது. சஸ்பென்ஷன் என்று தனியாக எதுவும் இல்லாததால் சட்டம்தான் சஸ்பென்ஷன். அதனோடு போல்ட் போட்டு முறுக்கப்பட்ட இருக்கையும் சட்டத்தின் ஓர் உறுப்புதான்.

அதனால் கார்ட்டில் இருக்கை என்பது உட்காரும் இடம் மட்டுமல்ல. மொத்த எடையில் கணிசமான பங்கு ஓட்டுநரின் உடம்பு என்பதால், இருக்கையை ஒரு சென்டிமீட்டர் பின்னுக்குத் தள்ளினாலும் முன்சக்கரங்களின் பிடிப்பு குறைந்துவிடும். பையன் ஒல்லி, குறைந்தபட்ச எடையை எட்டுவதற்காக ஈயக் கட்டிகளை இருக்கையின் பின்புறத்தில் துளையிட்டுப் பொருத்தினோம். எந்தக் கட்டியை எந்த உயரத்தில் வைப்பது என்பது பற்றி நானும் அவனும் இரவு பதினொரு மணிவரை வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் விவாதித்திருக்கிறோம். அவன் வளர வளர ஈயம் குறைந்தது, இருக்கை பெரிதானது, பழைய இருக்கைகள் அக்கா வீட்டு சேமிப்பறையில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கப்பட்டன. இருக்கையின் விளிம்பு விலாவில் இடித்து இடித்து அவனுக்கு நீலம் பாரித்துவிடும். விலாக் கவசம் போட்டும் வலித்த நாள்கள் உண்டு. அந்த வலியை அக்காவிடமிருந்து மறைப்பதில் நாங்கள் இருவரும் கூட்டுக் குற்றவாளிகள்.

நம் ஊர் வானிலை வேறு தனிப் பாடம். காலையில் வெயிலுக்காக அமைத்த கார்புரேட்டர், மதியம் மழைக்கு முன் காற்று ஈரத்தால் கனக்கும்போது ஒத்துவராது. ஈரக் காற்றில் எஞ்சினுக்குக் கிடைக்கும் பிராணவாயு குறைவதால் பெட்ரோலையும் குறைக்க, அது வரும் துளையான ஜெட்டைச் சிறிதாகப் போடவேண்டும். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினின் ஒலி மாறுவதை முதலில் கேட்கக் கற்றுக்கொண்டவன் அவன்தான். பத்து வயதுப் பையன் பிட்டுக்குள் வந்து, "மாமா, சத்தம் தடிச்சுப் போச்சு" என்று சொல்வான். திறந்து பார்த்தால் தீப்பொறி பிளக் கறுத்திருக்கும். உடம்பின் கீழ்ப்பகுதியாலும் காதாலும் வண்டியைப் படிக்கும் அந்தப் பழக்கத்தைப் பிற்காலத்தில் எந்தக் கணினியும் கற்றுத்தர முடியாது என்பது என் எண்ணம். ஃபார்முலா 1 ஓட்டுநர்களுள் பலர் ஓய்வு நாளில் இன்னமும் கார்ட் ஓட்டுவதற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம்.

தேர்வு ஆண்டான தொடக்கநிலை ஆறில் அக்கா ஓராண்டு ஓட்டத்தை நிறுத்திவைத்தார். அதற்குப் பிறகு மலேசியாவில் பந்தயங்கள், துவாஸ் இரண்டாம் பாலத்தில் அதிகாலை நான்கு மணி வரிசை, வேனுக்குள் தலைகீழாகக் கட்டிய கார்ட், டயருக்காக விற்ற என் பழைய கேமரா என்று நாலைந்து ஆண்டுகள் ஓடின. அவன் சில கோப்பைகள் வாங்கினான். அவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை.

கார்ட்டிலிருந்து அடுத்த படி ஃபார்முலா 4. பதினைந்து வயதில் ஏறலாம். அதற்கு மேல் ஃபார்முலா 3, ஃபார்முலா 2. உச்சியில் ஃபார்முலா 1 உரிமத்துக்கு மூன்று ஆண்டுகளில் 40 புள்ளிகளும் பொதுவாகப் பதினெட்டு வயதும் வேண்டும். ஏணியின் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பல மடங்கு செலவு பிடிப்பது என்பதை விளக்க எங்களுக்கு யாரும் தேவைப்படவில்லை. ஒரு பருவத்துக்கு அணி ஒன்று கேட்ட தொகையைப் பார்த்து அத்தான் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனார். 2014இல் சிங்கப்பூரின் ஆண்ட்ரூ டாங் நியூசிலாந்தில் டொயோட்டா ரேசிங் சீரிஸ் பட்டம் வென்ற செய்தியை அறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்த பையன், அன்று இரவு அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் படுத்திருந்தான். பதினெட்டு வயதில் கட்டாய ராணுவப் பணியான தேசிய சேவை வந்தது. அவனோடு கார்ட் ஓட்டிய ஐரோப்பியப் பையன்கள் இருவர் பெரிய தொடர்களில் பெயர் எடுத்த இரண்டு ஆண்டுகளில், அவன் முதலில் தெக்கோங் தீவிலும் பிறகு முகாமிலும் இருந்தான். அதில் யார்மீதும் குறையில்லை, இங்கே எல்லாப் பையன்களும் போகும் பாதை அது. ஆனால் பந்தய ஏணி யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதும் உண்மை.

இந்த இடத்தில்தான் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தின் பக்கம் நாங்கள் திரும்பிப் பார்த்தோம். ஃபார்முலாவில் இடம் கிடைக்காதவர்கள் போய்ச் சேரும் மூலை அது என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை நரேனின் பிற்கால வாழ்க்கையைப் பின்தொடர்ந்தபோது தெரிந்துகொண்டேன். 2009இல் லெ மான்ஸில் கோலஸ் அணியின் ஔடி ஆர்10 காரை ஓட்ட அவர் போயிருந்தார். பந்தயம் தொடங்குவதற்கு முன் பிட் சுவரிலிருந்து விழுந்து அவருடைய தோள்மூட்டு விலகிவிட்டது. மூவர் ஓட்டவேண்டிய காரை ஆந்த்ரே லோட்டரர், சார்ல்ஸ் ஸ்வோல்ஸ்மன் ஆகிய இருவரே 24 மணி நேரமும் பகிர்ந்து ஓட்டி ஏழாவதாக வந்தார்கள். மறு ஆண்டே ஔடியின் சொந்த அணியில் இடம்பெற்ற லோட்டரர், 2011, 2012, 2014 ஆகிய மூன்று முறை லெ மான்ஸை வென்றார். லெ மான்ஸ் பந்தயத்தில் காரோட்டிய முதல் இந்தியர் என்ற பெயரோ 2012இல் சென்னையின் கருண் சந்தோக்குக்குப் போனது. டேவிட் பிராபம், பீட்டர் டம்பிரெக் ஆகியோருடன் அவர் ஆறாவதாக முடித்தார். ஒரு சுவரிலிருந்து இறங்கும்போது தவறிய கால், மூன்று பேரின் கதையை மாற்றியிருக்கிறது.

நரேன் அதோடு விட்டுவிடவில்லை. ஜப்பானில் சூப்பர் ஃபார்முலாவில் ஐந்து பருவங்கள் ஓட்டியபின், 2019இல் நாகஜிமா ரேசிங் அணியின் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் தடசுகே மகினோவுடன் சூப்பர் ஜிடி தொடரில் இறங்கினார். அந்தப் பருவத்தின் முடிவில், நவம்பரில், சூப்பர் ஜிடி கார்களும் ஜெர்மனியின் டிடிஎம் கார்களும் ஃபூஜி தடத்தில் சேர்ந்து ஓடிய சிறப்புப் பந்தயத்தின் இரண்டாம் நாளை அவர் வென்றார். அப்போது அவருக்கு வயது 42. அந்தச் செய்தி வந்த மாலையில் பையனுக்கு வயது பதினைந்து. மரினா பேயில் "அவரு எங்க போவாரு" என்று கேட்டவனுக்கு ஏழு ஆண்டுகள் கழித்து விடை வந்ததாக நான் சொன்னபோது, அப்படிக் கேட்டதே தனக்கு நினைவில்லை என்றான்.

ஸ்போர்ட்ஸ் கார் பந்தயத்தில் ஓட்டுநர்களைப் பன்னாட்டு மோட்டார் சம்மேளனம் பிளாட்டினம், கோல்டு, சில்வர், புரோன்ஸ் (வெண்கலம்) என்று நான்காகத் தரம் பிரிக்கிறது. முழுநேரத் தொழிலாக ஓட்டுவோர் மேலே, தொழிலோ வணிகமோ செய்துகொண்டு சொந்தப் பணத்தில் ஓட்டும் ஆர்வலர்கள் கீழே. பல தொடர்களில் ஒவ்வொரு காரிலும் கீழ்ப்படியில் உள்ள ஓட்டுநர் ஒருவர் இருந்தாகவேண்டும். உலக எண்டூரன்ஸ் (நெடுநேர ஓட்டம்) தொடரின் எல்எம்ஜிடி3 பிரிவில் புரோன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். பணம் உள்ளவருக்கு வேகம் தேவை, வேகம் உள்ள இளைஞனுக்குப் பணம் தேவை. இரண்டு தேவைகளையும் ஒரே காருக்குள் உட்காரவைக்கும் இந்த ஏற்பாட்டைக் குறைசொல்வோர் இருக்கிறார்கள். எனக்கு அது கல்யாணத் தரகைவிட நேர்மையானதாகவே படுகிறது.

சென்ற ஆண்டு செப்பாங்கில் நடந்த எண்டூரன்ஸ் பந்தயம் ஒன்றில், மலேசியத் தொழிலதிபர்கள் இருவரோடு மூன்றாம் ஓட்டுநராகப் பையனுக்கு இடம் கிடைத்தது. இருவரும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். காரின் சொந்தக்காரர் பெரிய உடம்புக்காரர் என்பதால் இருக்கை அவருடைய அளவுக்கே பொருத்தப்பட்டிருந்தது; அதற்குள் பையன் உட்காருவதற்கு, அவனுடைய முதுகின் வடிவத்தில் நுரையை வார்த்து ஓர் உள்ளிருக்கை செய்தோம். கார்ட்டில் ஒரு சென்டிமீட்டருக்கு உயிரை விட்டவன், இங்கே பெடலும் ஸ்டீயரிங்கும் மூவரின் கால் நீளத்துக்கும் கை நீளத்துக்கும் நடுவே எங்கோ பொதுவாக நிற்க ஒப்புக்கொள்ளவேண்டியிருந்தது. சோதனை ஓட்டத்தில், முன்பக்கம் இன்னும் கூர்மையாகத் திரும்பினால் தன்னால் அரை நொடி குறைக்க முடியும் என்றான். பொறியாளர் மறுக்கவில்லை. அப்படி மாற்றினால் முதலாளியின் கையில் கார் பின்பக்கம் வழுக்கும், அவர் இரண்டு நொடி இழப்பார் என்று மட்டும் சொன்னார். பையன் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, பழையபடியே இருக்கட்டும் என்றான். பன்னிரண்டு ஆண்டுகளில் அவன் மெதுவான அமைப்பைத் தேர்ந்தெடுத்ததை நான் பார்த்தது அதுவே முதல் முறை.

பந்தயத்தில் என் மனத்தில் தங்கியது அவனுடைய வேகமான சுற்று அல்ல. ஓட்டும் வரிசையில் அவன் இரண்டாவது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓட்டி, ஒன்பதாம் இடத்திலிருந்து நான்காம் இடத்துக்குக் காரைக் கொண்டுவந்தான். பிட்டுக்குள் வந்து நின்றதும் இருக்கை வார்களைக் கழற்றி, தன் உள்ளிருக்கையைத் தூக்கிக்கொண்டு வெளியே குதித்தான். குதித்தவன் ஓரமாகப் போகவில்லை. முதலாளி மூச்சிரைக்க உள்ளே நுழைந்ததும், பாதி உடம்பைக் காருக்குள் நுழைத்து அவருடைய வார்களை ஒவ்வொன்றாகப் பூட்டி, வானொலிக் கம்பியைச் செருகி, "மூணாவது வளைவுல எண்ணெய் கிடக்கு, அங்கிள், உள்பக்கம் போகாதீங்க" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து அவர் தலைக்கவசத்தின் அருகே கத்திவிட்டுக் கதவைச் சாத்தினான். தான் சம்பாதித்த இடத்தை இன்னொருவர் இழக்கப்போகிறார் என்று தெரிந்துகொண்டே அவரை அதே இருக்கையில் பத்திரமாகக் கட்டிவிடும் அந்த இருபது நொடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், அப்பாவின் கோப்பைக் கேள்வி எனக்கு நினைவுக்கு வந்தது.

முதலாளி இரண்டு இடங்கள் இழந்தார். மழை வந்தது, நின்றது. கடைசியில் ஆறாவதாக முடித்தோம். அவர் அழுதார். வியர்வையில் நனைந்த அவருடைய கைகள் பையனை விடவே இல்லை. பிரிவில் மூன்றாமிடத்துக்காக அணிக்கு ஒரே ஒரு கோப்பை கொடுத்தார்கள். அது யார் வீட்டுக்குப் போவது என்று யாரும் பேசவில்லை. பொறியாளரின் கருவிப் பெட்டிமேல் அது நின்றுகொண்டிருந்ததைத்தான் நான் கடைசியாகப் பார்த்தேன்.

இரவு பத்து மணிக்குச் செப்பாங்கிலிருந்து கிளம்பினோம். பையன்தான் ஓட்டினான். பந்தயத்தைப் பற்றி அவன் பேசியது குறைவு. முதலாளி இரண்டாவது வளைவில் ஏன் சீக்கிரம் பிரேக் போடுகிறார், அதை அவர் மனம் புண்படாமல் எப்படிச் சொல்வது என்பதுதான் அவனுடைய கவலையாக இருந்தது. அடுத்த பந்தயத்துக்கும் அவர் அவனைக் கூப்பிட்டிருக்கிறார். பாகோ ஓய்வுத்தலத்தில் தே தாரேக் குடித்துவிட்டு வந்தபோது, அவன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, கண்ணாடியை என் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டு, "மிச்சத்த நீங்க ஓட்டுங்க, மாமா" என்று சொல்லிப் பின்னிருக்கையில் தன் நுரை உள்ளிருக்கையின் அருகே போய்ப் படுத்துக்கொண்டான். துவாஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.